வாசனைக்கு யார் பொறுப்பு?

"சித்ராதேவியா? தூத்துக்குடில இருந்து பெரியகருப்பன் பேசுதேன். உம் புருசனைப் பிடிச்சு உக்கார வச்சிருக்காங்கம்மா."

கையிலிருந்த டீ டம்ளர் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் பாதி டீ பேக்கிங் லிஸ்ட்டின் மேல் கொட்டிவிட்டது. சித்ராதேவி அதைத் துடைக்கவில்லை.

திருப்பூர் வீரபாண்டி எம்.ஆர். உட் பிராடக்ட்ஸின் லாரி டிரைவர் முனீஸ் அவள் கணவன். அங்கிருந்து கப்பலேறும் ஒவ்வொரு பெட்டிக்கும் காகிதம் தயாரிப்பவள் அவள். அந்தக் காகிதத்தைத் தூத்துக்குடி கஸ்டம்ஸில் நீட்டி முத்திரை வாங்குபவர் பெரியகருப்பன். கிளியரிங் ஏஜெண்டின் ஆள். போனிலேயே வளர்ந்த பழக்கம். கப்பல் தப்பினால்கூடக் கொட்டாவி விட்டபடி சொல்கிற மனிதர் அவர். இன்று மூச்சு வாங்கினார்.

"என்ன அண்ணாச்சி சொல்றீங்க? ஆக்சிடெண்டா?"

"ஆக்சிடெண்டுன்னா பரவால்லயே. சந்தனக் கட்டை கடத்தல்ங்காங்க."

"அவரு ஏத்திட்டுப் போனது சட்டை மாட்டுற மர ஹேங்கரு!"

"ஹேங்கருதான். அந்த இன்வாய்ஸ்ல என்னத்த டைப் பண்ணித் தொலைச்ச? சாண்டல்னு போட்டிருக்கியே!"

"சாண்டல் நீம். சந்தன வேம்பு. அந்த மரத்தோட பேரே அதுதானே?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆபீசர் கண்ணுக்குச் சாண்டல் மட்டும்லா தெரிஞ்சிருக்கு. சரி, பேருதானே, விளக்கம் சொல்லிக்கிடலாம்னு நானும் தெம்பாத்தான் போனேன். ஒரு பெட்டியத் தொறங்கன்னாரு. தொறந்தா... யம்மா! கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற மாதிரி மணக்கு. ஷெட்டுல மூட்டை தூக்குறவன் பூரா திரும்பிப் பாக்கான். மரத்தைப் பாத்தா செவேர்னு இருக்கு. மணத்துக்குச் சந்தனம், நெறத்துக்குச் செம்மரம். நெனைச்சபடி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாத மரம் ரெண்டு. ஒரே ஹேங்கர்ல ரெண்டு கேஸு!"

"அண்ணாச்சி, அவருகிட்ட போனைக் குடுங்க."

"போனை வாங்கி வச்சுட்டாங்க. ஃபாரஸ்ட்டுக்குத் தகவல் போயிருக்கு. நாளைக்கு அவங்க வாறதுக்குள்ள இந்த வாசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க மொதலாளி எழுதிக் குடுத்துட்டா முனீசு தப்பிச்சான். இல்லன்னா கூட்டிட்டுப் போயிருவாங்க. ஓடு, போய்ச் சொல்லு."

வாசனை எங்கேயிருந்து வந்தது என்று சித்ராதேவிக்குத் தெரியும். வீரபாண்டி ஃபேக்டரியில் மரத்தூள் கூட்டுகிற ஆயா வரைக்கும் தெரியும்.

முதலாளி மோகன்ராஜ் முன்பு பனியன் தைத்தவர். பனியன் எல்லோரும் தைக்கிறார்கள், பனியன் தொங்குகிற ஹேங்கரை யாராவது செய்ய வேண்டுமே என்று மரத்துக்கு மாறினார். புத்திசாலிதான். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டங்களில் வெட்டிய சந்தன வேம்பு, மர டிப்போவிலிருந்து முறையான பில்லோடு வரும். லேசான மரம். இழைத்தால் செந்நிறத்தில் மினுக்கும். பெல்ஜியத்தில் ஒரு கடைக்காரர் கேட்டார்: இது என்ன மரம்?

அன்றைக்கு மோகன்ராஜ் சித்ராதேவியின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வந்து நின்றார்.

"வேம்புன்னு போட்டா கசக்குமுங்க சித்ரா. சந்தனம்னாத்தான் மணக்கும். சாண்டலை முன்னாடி போடுங்க. நீம் பின்னாடி எப்புடியோ கெடக்கட்டும்."

"சார், சாண்டல்னா கஸ்டம்ஸ்ல கேப்பாங்க."

"கேட்டாச் சொல்லிக்கலாமுங்க. மரத்துக்கு அதுதானே பேரு? நாம என்ன பொய்யா சொல்றோம்?"

பொய் அதற்கடுத்த வாரம் வந்தது. சாம்பிளைக் கையில் வாங்கிய பெல்ஜியக்காரர், சந்தனம் என்றால் மணக்குமே, இது மணக்கவில்லையே என்று கேட்டு மெயில் அனுப்பினார். மறுநாளே நீல நிற கேன் ஒன்று வந்திறங்கியது. ஊதுவத்திக் கம்பெனிக்குப் போகிற சந்தன எசென்ஸ். பேக்கிங்கில் ஒவ்வொரு ஹேங்கருக்கும் ஒரு துடை. கூடவே கழுத்தில் தொங்க அழகான அட்டை: 'இயற்கையிலேயே நறுமணம் கமழும் மரம்'.

சித்ராதேவி கண்ணாடிக் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"வாங்க, உக்காருங்க. எனக்கும் இப்பத்தானுங்க போன் வந்துச்சு" என்றார் மோகன்ராஜ். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், குரலில் எப்போதும் போல வெண்ணெய். "பதட்டப்படாதீங்க. முனீஸ் நம்ம பையன். நானு உட்டுருவனா?"

"ஒரு லெட்டர் போதும் சார். எசென்ஸ் தடவினது நாமதான்னு எழுதி ஃபேக்ஸ் அனுப்பிட்டா இப்பவே அவரை விட்டுருவாங்க."

மோகன்ராஜ் பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

"அதுல ஒரு சங்கடம் இருக்குதுங்க. அட்டையில நாம என்ன அடிச்சிருக்கறோம்? இயற்கையான மணம். எசென்ஸுன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அந்தக் காயிதம் ஃபைல்ல ஏறிரும். நாளைக்கு அது பெல்ஜியத்துக்காரன் கண்ணுல பட்டா? அவனோட ஏஜெண்டு இந்நேரம் அவினாசி ரோட்டு ஓட்டல்ல உக்காந்துட்டிருக்காருங்க, அடுத்த ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டு."

"அப்ப வாசனைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"அதைத்தானுங்க யோசிச்சேன்." அவர் முன்னால் குனிந்தார். "வண்டி நம்முளுது. ஆனா வழியில டிரைவர் எதை ஏத்துனாரு, எங்க எறக்குனாருன்னு நமக்கெப்படித் தெரியும்? வண்டியில வேற யாரோ சந்தனக் கட்டை போட்டுட்டு வந்திருக்கலாம். அந்த வாசம் நம்ம பெட்டியில ஒட்டியிருக்கலாம். இப்புடி நாலு வரி. நம்ம சரக்கு சுத்தம்னு ஆயிரும். நீங்கதான் இங்கிலீஷ்ல நல்லா அடிப்பீங்க. கொஞ்சம் டைப் பண்ணிக் கொண்டாங்க கண்ணு."



சித்ராதேவிக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. கணவனைச் சந்தனக் கடத்தல்காரனாக்குகிற கடிதம். அதை மனைவியே டைப் பண்ண வேண்டும். பிழையில்லாத இங்கிலீஷில்!

"சார், அவரு யாருன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சதனாலதானுங்க உங்ககிட்டயே சொல்றேன். மறைச்சா செய்யறேன்? ரெண்டு நாளு உள்ள வெப்பாங்க. நம்ம வக்கீல் போயி ஜாமீன்ல எடுத்துப்போடுவாரு. அப்பறம் கேஸு அதுபாட்டுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கும். முனீஸுக்குச் சம்பளத்துல ஒத்தை ரூவா புடிக்க மாட்டேன். ரெண்டு நாள்ல என்னங்க குடி முழுகிப் போயிருது?"

"ரெண்டு நாள்தானே? அப்ப நீங்க போய் உக்காருங்க சார்."

மோகன்ராஜின் முகத்தில் வெண்ணெய் உறைந்தது.

"கோவத்துல பேசறீங்க. ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுங்க. கணக்கு அங்கமுத்து இருக்கறாரு, அவரு அடிச்சுக்குவாரு."

அவள் வெளியே வந்தபோது கணக்கர் அங்கமுத்து ஏற்கெனவே அவள் நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டில் 'டி' எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தூத்துக்குடிக்குப் போய் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? பெண்டாட்டி புருஷனைக் காப்பாற்றத்தான் பேசுவாள் என்பார்கள்.

நேராக பேக்கிங் ஹாலுக்குப் போனாள்.

அங்கே அமராவதி, காலடியில் நீல கேன், கையில் பனியன் வேஸ்ட் துணி. அடுத்த லோடுக்கான ஹேங்கர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சேவூர்க்காரி. ஃபேக்டரியில் யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர்.

"ஏனுங்க சித்ரா, மூஞ்சி ஏன் இப்புடிக் கெடக்குது?"

சித்ராதேவி சொன்னாள். முழுவதையும் சொன்னாள். அமராவதியின் கை நடுவிலேயே நின்றுவிட்டது.

"அடக் கெரகமே! தடவுனது நானு, தடவச் சொன்னது அவரு, உள்ள போறது முனீஸா? இந்தக் கையை மோந்து பாருங்க. சோத்துல கைய வெச்சாச் சோறு மணக்குது. எங்கூட்டுக்காரரு சாமியார் பக்கத்துல படுத்தாப்புல இருக்குதுன்னு தெனம் கிண்டல் பண்றாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணுமாம் அவியளுக்கு?"

"உங்க கையை வெட்டியா அக்கா எடுத்துட்டுப் போக முடியும்?"

அமராவதி சுற்றும் முற்றும் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காலி செய்தாள். கேனைச் சாய்த்து எசென்ஸைப் பாட்டிலில் பாதிக்கு நிரப்பி, மூடியை இறுக்கினாள்.

"கொண்டுக்கிட்டுப் போங்க. கேனு மேல ஒட்டியிருக்கற லேபிளையும் உரிச்சுத் தாறேன். கேட்டா என் பேரைச் சொல்லுங்க, அமராவதிதான் தடவுனான்னு. வேலையை விட்டு நிறுத்துனா நிறுத்தட்டும். திருப்பூர்ல பனியன் கைமடிக்க வேற கம்பெனி இல்லியாக்கும்!"

மண்ணரையில் இருந்த தங்கள் லைன் வீட்டுக்குப் போய் மாற்றுப் புடவை எடுக்கக்கூட சித்ராதேவி நினைக்கவில்லை. மதுரை பஸ், பிறகு தூத்துக்குடி பஸ். மடியில் பை, பைக்குள் பாட்டில். மூடியை எவ்வளவு இறுக்கியும் மணம் கசிந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, "எந்தக் கோயிலுக்கும்மா?" என்றார். அவள் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

காலையில் கஸ்டம்ஸ் ஷெட் வாசலில் பெரியகருப்பன் நின்றிருந்தார். குரலை வைத்து அவள் குண்டான ஆளை நினைத்திருந்தாள். ஒடிசலாக, பேனா செருகிய காதோடு ஒரு மனிதர் ஓடி வந்தார்.

"உங்க மொதலாளி ஃபேக்ஸு ராத்திரியே வந்துட்டும்மா." அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "நான் படிச்சேன். இப்படியும் ஒரு மனுசன் எழுதுவானா?"

முனீஸ் காவலாளி அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்கி, முகம் ஒரே நாளில் வற்றியிருந்தது. அவளைக் கண்டதும் எழுந்தான்.

"நீ ஏன் இம்புட்டுத் தூரம் வந்த? சாப்பிட்டியா?"

"நீங்க?"

"அதெல்லாம் குடுத்தாக. அடிக்கல, ஒண்ணும் செய்யல. ஆனா கேட்டதையே கேக்காக சித்ரா. எங்க எறக்குன, எங்க எறக்குனன்னு. என்னத்த எறக்குனேன்னு எனக்கே தெரியல. எட்டயபுரத்துல டீ குடிக்க நிறுத்துனேன்னு சொன்னேன். அப்ப அங்கதான் எறக்குனியாங்காக. டீயக் குடிச்சது ஒரு குத்தமா?" அவன் குரல் உடைந்தது. "மொதலாளி லெட்டர் அனுப்பிருக்காராம்ல. அத வச்சுத்தான் கேக்காகளாம். அவரு ஏன் அப்படி எழுதுனாரு? தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரோ?"

முதலாளிக்கு அவன் இன்னமும் சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளை எரித்தது.

ஆபீசரின் அறைக்குள் நுழைந்தபோது மணம் முகத்தில் அடித்தது. மேஜை மேல் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு ஹேங்கர்கள். ஆபீசர் நெற்றிப்பொட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவயது. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது.

"இந்த ஹேங்கர் வந்ததிலிருந்து எனக்குத் தலைவலி" என்றார். "பியூன் என் ரூமுக்குச் செருப்பைக் கழட்டிட்டு வர்றான். நீங்க யாரும்மா?"

"அந்த இன்வாய்ஸை டைப் பண்ணினவ சார். அந்த டிரைவரோட மனைவி."

ஆபீசர் நிமிர்ந்தார். "ரெண்டும் நீங்களேயா?"

"ஆமா சார்."

"அப்ப நான் ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிடறேன். மரத்தைக் கையில தூக்கிப் பார்த்தேன். தண்ணியில போட்டேன், மிதக்குது. சந்தனமும் இல்லை, செம்மரமும் இல்லைன்னு எனக்கே தோணுது. ஆனா இந்த மணத்துக்கு யாராவது பதில் சொல்லணும். உங்க முதலாளி சொல்லியிருக்கார்." ஃபேக்ஸ் தாளை அவள் பக்கம் திருப்பினார். "டிரைவர் வண்டியில சந்தனக் கட்டை ஏத்தியிருக்கணும்னு கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுத்துப்பூர்வமா இருக்கு. இதைக் கையில வச்சுக்கிட்டு நான் எப்படி அவரை விட முடியும்? ஃபாரஸ்ட்காரங்க மதியம் வர்றாங்க."

சித்ராதேவி படித்தாள். ஸ்பெல்லிங் பிழை வரிக்கு ஒன்று. ஆனால் விஷம் பிழையில்லாமல் இருந்தது. கடைசி வரி: 'அந்த ஓட்டுநரின் நடத்தை பற்றி எங்களுக்கு முன்பே சந்தேகம் உண்டு.'

முன்பே சந்தேகம்! போன தீபாவளிக்கு ஊழியர்கள் முன்னால் முனீஸுக்குச் சால்வை போட்டு, 'இவனை மாதிரி நாலு பேரு இருந்தா நானு நிம்மதியாத் தூங்குவேன்' என்று சொன்ன வாய் அது.

"சார், உங்க ரப்பர் ஸ்டாம்பைக் கொஞ்சம் தாங்க."

"எதுக்கு?"

"தாங்க சார்."

மரப்பிடி போட்ட ஸ்டாம்பு. ஆபீசர் தயங்கி நீட்டினார். சித்ராதேவி பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். முந்தானை நுனியை அதில் நனைத்து, ஸ்டாம்பின் பிடியை நாலு பக்கமும் துடைத்தாள். மேஜை மேல் வைத்தாள்.

"மோந்து பாருங்க."

அவர் எடுத்தார். மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"இப்ப உங்க ஸ்டாம்பும் சந்தனக் கட்டைதான் சார். இதை யார் கடத்திட்டு வந்தது? எட்டயபுரத்துல எறக்கினது யாரு?" அவள் குரல் ஏறியது. அடக்க அவள் முயலவில்லை. "எசென்ஸ் சார்! ஊதுவத்திக்குப் போடுற எசென்ஸ். வெளிநாட்டுக்காரன் மணம் கேட்டான்னு முதலாளி தடவச் சொன்னாரு. தடவினவங்க பேரு அமராவதி, அவங்களே சொல்லச் சொன்னாங்க. இந்தாங்க கேன் லேபிள். அவரு பண்ணின ஏமாத்து வெளிய தெரியக் கூடாதுன்னு ஒரு டிரைவரைத் தூக்கி உங்ககிட்ட எறிஞ்சிருக்காரு. அந்த லெட்டரை என்னையே டைப் பண்ணச் சொன்னாரு சார், என்னையே!"

வாசலில் பியூன் 'ஹா' என்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

ஆபீசர் சிரிக்கவில்லை. டிராயரிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, ஹேங்கர் ஒன்றின் தோள்பட்டையை ஆழமாகச் சீவினார். சீவிய இடத்தை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வேறொரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலும் ஒன்றைச் சீவினார்.

"உள்ளே வெறும் மரம்" என்றார். "நிஜச் சந்தனம்னா சீவச் சீவ மணம் ஏறணும்." கத்தியை மடக்கினார். "சரிம்மா. நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நம்பறது வேற, ஃபைல் வேற. இந்த ஃபேக்ஸ் இருக்கிற வரைக்கும் உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு குற்றச்சாட்டு இருக்கு. எழுதினவரே அதை மறுத்து எழுதணும்."

வெளியே வந்ததும் பெரியகருப்பன் அவளை ஓரமாக இழுத்தார்.

"சோலிய இப்பவே முடிச்சிரலாம்மா. உங்க மொதலாளி கையெழுத்துப் போட்ட வெறும் லெட்டர்ஹெட்டு ஒரு கத்தை எங்கிட்ட இருக்கு. அவசரத்துக்குன்னு எல்லா எக்ஸ்போர்ட்டரும் குடுத்து வைக்கிறதுதான். நீ வாசகத்தைச் சொல்லு, நான் மேல அடிச்சு நீட்டிருதேன். அரை மணி நேரத்துல முனீசு வெளிய. யாருக்குத் தெரியப் போவுது?"

ஒரு கணம் அவள் வாய் திறந்தது. அரை மணி நேரம். முனீஸ் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்துவிடலாம்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஏம்மா?"

"நாளைக்கே நான் எழுதல, அவங்களா அடிச்சுக்கிட்டாங்கன்னு சொல்லுவாரு. அப்ப இவரு கடத்தல்காரரு, நான் ஃபோர்ஜரி. குடும்பமே உள்ள போகணும்." அவள் தலையை ஆட்டினாள். "பொய்யை அவரு எழுதினாரு. மறுப்பையும் அவரே எழுதட்டும். வரச் சொல்லுங்க."

"வருவாரா?"

"ஆபீசரை விட்டுப் போன் போடச் சொல்லுங்க. வருவாரு."

ஆபீசர் போனில் அதிகம் பேசவில்லை. எசென்ஸ் என்ற வார்த்தையை ஒருமுறை சொன்னார். சரக்கை ஃபாரஸ்ட்டிடம் ஒப்படைத்தால் பெட்டிக்குப் பெட்டி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள், முடிவு வர மாதங்களாகலாம் என்று தகவலாகச் சொன்னார். ஃபாரஸ்ட்காரர்களை மாலைக்கு மேல் வரச் சொல்லி இன்னொரு போன் போட்டார். அவ்வளவுதான்.

மாலை வெயில் சாய்ந்தபோது வெள்ளை கார் ஷெட் வாசலில் வந்து நின்றது. இறங்கிய மோகன்ராஜின் சட்டை முதல் தடவையாகக் கசங்கியிருந்தது. சித்ராதேவியைப் பார்த்ததும் பழைய வெண்ணெய் திரும்பியது.

"ஏனுங்க கண்ணு, இதை எங்கிட்டயே சொல்லியிருந்தா முடிச்சிருக்கலாமில்ல? இவ்வளவு தூரம் நீங்க அலையணுமா?"

அவள் ஆபீசரின் அறைக் கதவைக் காட்டினாள். முனீஸையும் கூட்டி வந்திருந்தார்கள். மோகன்ராஜ் அவன் முகத்தைத் தவிர அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஒரு சின்னக் குழப்பம் ஆயிப்போச்சுங்க சார்" என்று ஆரம்பித்தார். ஆபீசர் வெள்ளைத்தாளைத் தள்ளினார். மோகன்ராஜ் எழுதத் தொடங்கினார். 'தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட தவறுதலினால்...'

"அப்படி எழுதாதீங்க சார்" என்றாள் சித்ராதேவி.

பேனா நின்றது.

"தவறுதல் இல்ல. நேத்து மத்தியானம் உங்க ரூம்ல வச்சு எங்கிட்ட சொன்னீங்க. தெரிஞ்சு எழுதினீங்க. 'நான் எழுதியது பொய்'னு போடுங்க."

"ஏனுங்க, அதெப்புடி..." மோகன்ராஜ் உதவிக்கு ஆபீசரைப் பார்த்தார். "சார், வார்த்தையில என்னங்க இருக்குது?"

"வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு" என்றார் ஆபீசர். "சாண்டல்னு ஒரு வார்த்தையாலதான் நீங்களும் நானும் இங்க உக்காந்திருக்கோம். அவங்க சொன்னதுல தப்பு ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, மாத்திக்கலாம்."

மோகன்ராஜ் அந்தத் தாளைக் கசக்கினார். புதுத் தாள் எடுத்தார். கை எழுத மறுத்தது, எழுத வைத்தார்.

"'எசென்ஸ் தடவச் சொன்னது நான்.' போட்டாச்சா சார்? 'என் ஓட்டுநர் முனீஸ் வண்டியில் வேறு எதையும் ஏற்றவில்லை. அவர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. நான் எழுதியது பொய்.'" ஒவ்வொரு வரியாக அவள் சொன்னாள். இத்தனை நாள் அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்த வேகத்தைவிட இது மெதுவாகத்தான் நடந்தது.

கையெழுத்து விழுந்ததும் ஆபீசர் தாளை வாங்கிப் படித்து, சந்தனம் மணக்கும் ஸ்டாம்பை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

"டிரைவர் போகலாம். ஃபாரஸ்ட்காரங்களை வர வேண்டாம்னு நானே சொல்லிடறேன். சரக்கு இப்ப போகாது. இன்வாய்ஸ்ல சாண்டலை எடுத்துட்டு, மரத்தோட தாவரவியல் பேரைப் போட்டுத் திருத்தி வாங்க. அந்த இயற்கை மணம் அட்டையையும் கழட்டணும். அப்பறம் பார்க்கலாம்."

"கப்பல் போயிருமுங்க சார்! பெல்ஜியத்துக்காரனுக்கு நானு என்ன பதில் சொல்லட்டும்?"

"அது கஸ்டம்ஸ் கேள்வி இல்லையே."

சித்ராதேவி பெரியகருப்பனிடம் அந்தத் தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னாள். ஷெட் வாசலில், மூட்டை தூக்குகிறவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்ற இடத்தில், முனீஸிடம் கொடுத்தாள். நேற்று எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்த இடம் அது. முனீஸ் எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தான். 'நான் எழுதியது பொய்' வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தான். யாரோ ஒரு மூட்டைக்காரர், "நல்லாக் கேக்கல, திரும்பப் படிலே" என்றார். படித்தான்.

மோகன்ராஜ் காருக்கருகே போய்விட்டுத் திரும்பி வந்தார். கையில் வண்டிச் சாவி.

"சரி முனீஸ், நடந்தது நடந்து போச்சு. மனசுல வெச்சுக்காத. வண்டியை எடுத்துக்கிட்டுப் பொறப்படு. நாளைக்கு அட்டையெல்லாம் கழட்டற வேலை கெடக்குது. சித்ரா, நீங்களும் வண்டியிலயே வந்துருங்க, பஸ்ஸுல எதுக்கு அலைஞ்சுக்கிட்டு?"

சாவி நீட்டியபடியே இருந்தது. முனீஸ் அதைப் பார்த்தான். வாங்கவில்லை.

"இல்ல மொதலாளி. இனிமே உங்க வண்டில ஏறுனா, நீங்க எதுல என்னத்தத் தடவி வச்சிருக்கீகன்னு ரோடு பூரா மோந்து பாத்துக்கிட்டே வரணும். எனக்கு அது ஒத்து வராது. ஓட்டுறதுக்கு வேற ஆளப் பாருங்க."

"அட, இதென்ன சின்னப் புள்ளையாட்ட? சித்ரா, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"எனக்கும் சேர்த்துத்தான் சார் சொன்னாரு" என்றாள் சித்ராதேவி.

மோகன்ராஜ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். டீக்கடையில் யாரோ தும்மினார்கள், யாரோ சிரித்தார்கள். முனீஸ் ஜெராக்ஸை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். பெரியகருப்பன் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவைக் கூப்பிட ஓடினார்.